கத்திரி வெயிலில் வேரை வெட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக போன்சாய் தினத்தையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். படங்கள் அருமை. சிவந்த மேப்பிள் இலை, பனி படிந்த பைன் மரம் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் படங்களுக்குக் கீழே, வசந்த காலம்தான் தொட்டி மாற்ற ஏற்ற பருவம், இப்போதே மரத்தை வெளியே எடுத்து வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் புது மண்ணில் வையுங்கள் என்று போட்டிருந்தீர்களே, என் வழக்கு அந்த இரண்டு வரியோடுதான். எழுதியவர் எந்த ஊர்ப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாரோ, அந்த ஊருக்கு அது சரி. தண்டையார்பேட்டையில் அன்றைக்குக் கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நாலடி வைக்க முடியாது.

எங்கள் போன்சாய்க் கூட்டத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரிலும் சின்னவள். ஆறாவது படிக்கும்போது சமையலறையில் கிடைத்த புளியங்கொட்டையை ஒரு பழைய டப்பாவில் ஊன்றி, இத்தனை வருஷம் வளர்த்து, ஒரு முழ உயரத்தில் அடி பெருத்த புளியமரமாக ஆக்கி வைத்திருந்தாள். கட்டுரையைப் படித்துவிட்டு அன்றைக்கே பகல் பதினோரு மணிக்கு மாடியில் உட்கார்ந்து மரத்தைப் பிடுங்கி, வேரை வெட்டி, புது மண்ணோடு ஒரு கை உரத்தையும் கலந்து நட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள், தாத்தாவிடம் எதற்குக் கேட்பானேன் என்று நினைத்திருப்பாள்.

புளியிலை சாயங்காலம் ஆனால் கைகூப்பினது மாதிரி மூடிக்கொள்ளும். விடிந்ததும் விரியும். வளர்க்கிற எங்களுக்கு அதுதான் நாடி பார்ப்பது. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி ஆகியும் அவள் மரத்தின் இலை விரியவில்லை. புதன்கிழமை தொட்டால் உதிர்ந்தது. வியாழக்கிழமை போன் செய்து, "தாத்தா, மரம் வெறும் குச்சியா நிக்குது" என்று அழுதாள். போய்ப் பார்த்தேன். வெட்டின வேர் தண்ணீர் இழுக்காது. மேலே வெயில் இலை வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, வெட்டுப்பட்ட இடத்தில் உரம் வேறு பட்டிருந்தது. காயத்தில் உப்பைத் தேய்த்த மாதிரிதான். உரம் கலந்த மண்ணைத் தட்டிவிட்டு வெறும் செங்கல் ஜல்லியில் நட்டு, மரம் ஆடாமல் இருக்கத் தூண்டில் நரம்பால் தொட்டியோடு சேர்த்துக் கட்டி, கிளை நுனிகளைக் கத்தரித்து, மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்து, பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். தண்ணீரைக் கொட்டாதே, பூவாளியில் தெளித்தால் போதும் என்று நாலு முறை சொன்னேன். குற்ற உணர்ச்சியில் இருக்கிறவர்கள் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிடுவார்கள், அதனால்தான் நாலு முறை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் காயில் கட்டினவன். கடையை இப்போது மகன் பார்க்கிறான். எங்கள் தெருவில் ஒரு பழைய சுண்ணாம்புக் கட்டு வீட்டை இடித்தபோது மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கை எச்சத்தில் முளைத்த அரசு ஒன்று, மணிக்கட்டுப் பருமனில் செங்கல் இடுக்கைக் கவ்விக்கொண்டு நின்றது. பல வருஷம் மண்ணே இல்லாமல் காரைக்குள் வாழ்ந்த மரம். இடிக்கிற ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் செங்கலோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்து வந்தேன். அது போன்சாய்க்கு எவ்வளவு தோதான மரம் என்று அப்போது எனக்குத் தெரியாது. குட்டையான தண்டு, தட்டையாகப் படர்ந்த வேர், சுவரின் வடிவம் அப்படியே வேரில் பதிந்திருக்கும். அதைத் தொட்டியில் உண்டாக்க வேண்டுமென்றால் பதினைந்து வருஷம் ஆகும். வட சென்னையில் பழைய வீடு இடிபடாத மாதம் உண்டா? எங்கள் கூட்டத்து ஆல், அரசு, இச்சி மரங்களில் பாதி இப்படிக் கைப்பிடிச் சுவரிலிருந்து வந்தவைதான்.

கூட்டம் என்றால் பதிவு செய்த சங்கம் எல்லாம் கிடையாது. பதினோரு பேர். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அக்கா, ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், திருவொற்றியூரில் தையல் கடை வைத்திருக்கிற தம்பி, ராயபுரத்துப் பல் டாக்டர் இப்படி. டாக்டர் தேய்ந்துபோன பல் குத்தும் கொக்கிகளை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். சிக்கின வேரைப் பிரிக்க அதைவிட நல்ல கருவி ஜப்பானிலும் இருக்காது என்பது என் கட்சி. மாதம் முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு யாராவது ஒருவர் மாடியில் கூடுவோம். ஒன்பது மணிக்குள் வேலை முடிந்து, கீழே இட்லி வடகறி. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு எங்கள் தெருத் திண்ணையில் மரங்களை வரிசையாக வைத்துப் பார்வைக்கு விடுவோம். வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருக்கும்: "இதுல காய் காய்க்குமா?" காய்க்கும். மாதுளை காய்த்திருக்கிறது. மரம் குட்டை, காய் மட்டும் முழு அளவு. பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன்சாய் ஜப்பான் வழி வந்த கலை, அதற்கு மூலம் சீனத்தில். மறுக்கவில்லை. 1923 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ மரக்காரர்கள் ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து, 1925 வாக்கில் போன்சாய்க்கென்றே ஒரு கிராமத்தை உண்டாக்கினார்கள். உலகம் முழுக்கப் போன பாடம் பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களிலிருந்து போனதுதான். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். மேப்பிள் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். பைன்கூடக் கிட்டத்தட்டத் தூக்கம்தான். மரம் தன் சத்தையெல்லாம் வேரிலும் தண்டிலும் இறக்கி வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருக்கும். மார்ச் வாக்கில் மொட்டு உப்பும்போது வேரை வெட்டினால், சேர்த்து வைத்த சத்தை வைத்து உடனே புதுவேர் விட்டுவிடும். வெயிலும் இதமாக இருக்கும். ஆக, அங்கே விதி ‘வசந்த காலம்’ என்பதல்ல. மொட்டு கண் திறக்கிற நேரம், கடும் வெயிலுக்கு முன்னால் என்பதுதான் விதி. அது இங்கேயும் செல்லும், மாதம்தான் வேறு.

எங்கள் ஊரில் அரசுக்கு அந்த நேரம் மாசி. இலையெல்லாம் மஞ்சளாகி ஒரு வாரத்தில் கொட்டிவிடும். கிளை நுனியில் குருவி மூக்கு மாதிரி இளஞ்சிவப்பாக ஒன்று கூராக நீட்டும். அது பிரிந்து இலையாவதற்குள் தொட்டி மாற்றிவிட வேண்டும். புளியும் ஏறக்குறைய அதே காலம்தான். காலையில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும், மதிய வெயில் ஏறியிருக்காது. பங்குனி பாதிக்குள் இந்த வேலை முடிந்தால், கத்திரி வருவதற்குள் புதுவேர் ஓடிவிடும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஆனிக் கடைசி, ஆடி. சாயங்கால மழை நாலைந்து பெய்து தரை குளிர்ந்த பிறகு ஆலும் இச்சியும் எவ்வளவு வெட்டினாலும் தாங்கும். ஆடிப் பட்டம் தேடி விதை என்றது நெல்லுக்கு மட்டும் இல்லை. கிளையை ஒடித்து நட்டாலும் அந்த மாதம் பிடித்துக்கொள்ளும். சித்திரைக் கடைசியும் வைகாசியும் ஒன்றுமே செய்யக் கூடாத மாதங்கள். மரத்தை உயிரோடு வைத்திருப்பதே வேலை.

உலக போன்சாய் தினம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. அந்தக் கலையை உலகத்துக்கு எடுத்துச் சென்ற சபுரோ கட்டோ என்ற பெரியவரின் நினைவாக வைத்த நாள். அவர் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த நாள் கத்திரிக்கு நட்டநடுவில் வந்து விழுகிறதே, என்ன செய்ய? நாங்கள் அன்றைக்கு ஒருவர் வீட்டு மாடிக்கு ஒருவர் போய்ப் பச்சை வலை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டு வருவோம். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

கத்திரியில் மரத்தைக் கொல்வது மேலே அடிக்கிற வெயில் மட்டுமல்ல. நாலு விரல் ஆழத் தட்டு, அதில் இரண்டு கை மண். கான்கிரீட் தரையில் வைத்தால் கீழிருந்தும் வேகும். இட்லிப் பானை கணக்குத்தான். அதனால் செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு இடுப்பளவு உயரத்தில் வைக்கிறோம். பாதி வெயிலை வடிகட்டும் பச்சை வலை. தட்டைச் சுற்றி ஈரச் சாக்கு. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தண்ணீர். அப்புறம் நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கடல்காற்று பகல் பன்னிரண்டுக்குள் வந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். மேற்கிலிருந்து வருகிற காற்று பலமாக இருந்தால் அது கடல்காற்றை உள்ளே விடாது. மூன்று மணி வரை அனல்தான். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது நினைவிருக்கும். அப்போது என்னிடம் மரம் இல்லை. கடையில் ஒரே நாளில் ஏழு டேபிள் ஃபேன் எரிந்து வந்தது மட்டும் ஞாபகம்.

காசிமேட்டு அக்கா வீடு கடலுக்கு ரொம்பக் கிட்டே. அவருக்குக் கடல்காற்று பாதி வரம், பாதி சாபம். உப்பு வந்து இலை ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை நல்ல தண்ணீரில் இலையைக் கழுவுகிறார். அவர் மாடியில் அலுங்காமல் நிற்பது சவுக்கும் காகிதப்பூவும்தான். சவுக்கு உப்புக்கு அசையாது. ஊசி ஊசியாக இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் படத்தில் வருகிற பைன் மரம் மாதிரியே இருக்கும். பைன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டுவேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் ‘மண் காய்ந்ததும் ஊற்றவும்’ என்று ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். எந்தத் தண்ணீரை? எங்கள் பகுதியில் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. ஊற்ற ஊற்றத் தட்டின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். நடத்துநர் அண்ணன் சிக்கனக்காரர். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வடித்துக் கீழே விடுகிற தண்ணீரை வீணாக்காமல் மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு மாதத்தில் எலுமிச்சை போய்விட்டது. நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற உப்பு அத்தனையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நேர்மாறானது ஏ.சி. தண்ணீர். காற்றிலிருந்து வடிகிற ஈரம், அதில் உப்பே கிடையாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்கு நின்றோமே, அந்த மாதங்களில் எதிர்வீட்டு ஏ.சி. குழாய்க்குக் கீழே வாளி வைத்துத்தான் என் பதினான்கு மரத்தையும் காப்பாற்றினேன். ராத்திரிக்கு அரை வாளி தேறும். எதிர்வீட்டார் ஊருக்குப் போனால் எனக்குத்தான் கவலை.

மண் விஷயத்தில் ஜப்பான்காரர்களுக்கு அகடாமா என்று சுட்ட மாதிரி ஒரு களிமண் உருண்டை இருக்கிறது. இங்கே இறக்குமதி விலையில் வாங்கினால் மரத்தைவிட மண் விலை கூடிவிடும். நாங்கள் நன்றாக வெந்த பழைய செங்கல்லை உடைத்து, இரண்டு சல்லடையில் சலித்து, மிளகுக்கும் பட்டாணிக்கும் நடுவே உள்ளதை எடுத்துக்கொள்கிறோம். மாவு போல இருப்பதைத் தள்ளிவிட வேண்டும், அது தங்கினால் மழையில் சேறாகி வேர் அழுகும். அதோடு செம்மண், மட்கின சாண எரு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. இடித்த வீட்டுச் செங்கல் என்றால் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை வெளுத்துப்போகும்.

கிளையை வேண்டிய வடிவத்துக்கு வளைக்கக் கம்பி கட்டுவது என் துறை. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவின செம்புக் கம்பி சும்மா கிடக்கிறதே என்று அப்படியே கிளையில் சுற்றக் கூடாது. அது ஏற்கனவே நெளிந்து நெளிந்து விறைத்துப்போன கம்பி. மேலே எனாமல் பூச்சு வேறு. பூச்சைச் சுரண்டிவிட்டு, சிரட்டைக் கரி நெருப்பில் மங்கின சிவப்பு வரும்வரை போட்டு, எடுத்துத் தண்ணீரில் முக்குவேன். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விறைக்கும். செம்பு அப்படி இல்லை, நூல் மாதிரி இளகிவிடும். அதைக் கிளையில் நாற்பத்தைந்து டிகிரி சாய்வாக ஒரே சீராகச் சுற்றி, இரண்டு கட்டைவிரலையும் வளைவுக்கு உள்பக்கம் கொடுத்து மெதுவாக வளைத்தால், வளைந்த இடத்திலேயே கம்பி மறுபடி விறைத்துக்கொண்டு கிளையைப் பிடித்து நிற்கும். செம்பின் அழகே அதுதான். விரல் பருமன் கிளைக்கு எட்டாம் கேஜ் எர்த் கம்பி, குச்சிக்குப் பதினெட்டாம் கேஜ். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். அலுமினியம் சுற்றச் சுலபம், புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறோம்.

இதற்கும் பருவம் உண்டு. புத்தகத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை கம்பி இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். மெதுவாக வளர்கிற பைனுக்கு அது சரி. எங்கள் ஆல் ஆடி, ஆவணியில் வளர்கிற வேகத்தில் ஐந்தாவது வாரமே கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். வளர்கிற குழந்தைக்கு அரைஞாண் கயிற்றை மாற்றாமல் விட்ட மாதிரி. அந்தத் தழும்பு மறையப் பல வருஷம் ஆகும், சிலது மறையவே மறையாது. புரட்டாசி ஞாயிறு எங்களுக்குக் கம்பி அவிழ்க்கிற நாள். அவிழ்க்கிற நாள் என்பது பேச்சுக்குத்தான். பிரித்துச் சுற்றினால் கிளை ஒடியும், கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். செம்பு போகிற விலைக்கு மனசு வராதுதான்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எதிரி வெயில் இல்லை, தண்ணீர். சென்னைக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. தட்டு ஓட்டையை முன்கூட்டியே குத்திச் சுத்தம் செய்து, ஒரு பக்கம் ஓட்டுத்துண்டு முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்தால் தண்ணீர் தேங்காது. பாலைவன ரோஜா என்கிற அடினியத்தை மட்டும் மழை படாத இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அடி கிழங்கு அழுகினது வெளியே தெரியாது, அமுக்கிப் பார்த்தால் வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி உள்ளே போகும். அப்போது தெரிந்து பயனில்லை. உரம் அந்த மாதங்களில் கிடையாது, போட்டால் கரைந்து மாடிக் குழாயோடு போய்விடும். புயல் அறிவிப்பு வந்தால் பலகையிலிருந்து எல்லாவற்றையும் தரைக்கு இறக்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நெருக்கி வைத்துவிடுவோம். 2016 டிசம்பர் 12, வர்தா அன்று அப்படித்தான் செய்தேன். தெருவில் நின்ற பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. என் மரம் ஒன்றுகூட விழவில்லை என்று பெருமையாக இருந்தேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகிப்போயிற்று. காற்று கடல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து தெளித்திருக்கிறது. ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இலையைக் கழுவ யாருக்குத் தோன்றும்? இப்போது புயல் கடந்த மறுநாள் காலை முதல் வேலை அதுதான்.

நானும் படத்தைப் பார்த்து ஏமாந்தவன்தான். ஒரு கண்காட்சியில் ஜூனிபர் என்ற குளிர்தேசத்து மரம் ஒன்றை ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன். ‘வீட்டுக்குள்ளேயே வைக்கலாம் சார்’ என்றார் விற்றவர். ஜூனிபருக்குக் குளிர்காலம் வேண்டும், வெயிலும் வேண்டும், எங்கள் வரவேற்பறையில் இரண்டும் கிடையாது. அதில் இன்னொரு சூது, ஜூனிபர் செத்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே இருக்கும். அந்த இரண்டு மாதமும் நான் தினம் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று. கட்டுரை வந்த மறுநாள் வாசகர் ஒருவர், மரத்தைத் தொட்டியில் வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் இது வேறு விதமாக வந்தது. அரசை வீட்டில் வைத்தால் ஆகாது என்று மனைவி, புளியில் பேய் குடியிருக்கும் என்று மாமியார். சாண் உயரப் புளியில் எந்தப் பேய் வந்து உட்காரும், காலைத் தொங்கப்போடக்கூட இடம் இருக்காதே என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. சித்திரவதை என்கிறவருக்கு: பட்டினி போட்டால் போன்சாய் குட்டையாகாது, செத்துவிடும். அதே மரத்தைத் தரையில் நட்டால் வழக்கமான மரமாக வளர்ந்துவிடும், அதன் விதையிலும் ஒரு மாற்றமும் இருக்காது. வாஷிங்டனில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625லிருந்து தொட்டியில் வளர்வது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அங்கே இருந்து தப்பியது, 1976இல் ஜப்பான்காரர் ஒருவர் அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார். கைப்பிடிச் சுவரில் நின்ற என் அரசு, நான் எடுக்காமல் விட்டிருந்தால் அன்று மாலை லாரியில் ஏறியிருக்கும். அந்த வாசகர் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை தோட்டப் பக்கத்தில் எந்தச் செடியைப் பற்றிப் போட்டாலும், இது எந்த ஊர்ப் பருவம் என்று ஒரு வரி போடுங்கள். ‘வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்’ என்று நாலு கட்டம் போட்ட அட்டவணை எங்களுக்கு உதவாது. மாசி, வைகாசி, ஆடி, ஐப்பசி என்று போட்டால் வண்ணாரப்பேட்டைக்காரருக்கும் எண்ணூர்க்காரருக்கும் புரியும். எழுதித் தர ஆள் இல்லையென்றால் மாதாமாதம் நாங்கள் எழுதித் தருகிறோம், பணம் வேண்டாம். கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் வெட்டிப் போடுங்கள். வெட்டுக்குக் கோபித்துக்கொள்கிறவன் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டான். தண்ணீரைப் பற்றி எழுதினதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணின் புளியமரத்தை நேற்று போய்ப் பார்த்தேன். நகத்தால் பட்டையைக் கீறினால் கீழ்த்தண்டில் பச்சை தெரிகிறது. மேலே இடப்பக்கக் கிளை இரண்டும் பழுப்பு, அவை போனதுதான். உச்சி என்ன ஆகும் என்று ஆனியில்தான் தெரியும். அதுவரை தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு என் வீட்டு மாடியில் ஆடிக்கு வேண்டிய செங்கல் உடைத்துச் சலிக்கிறோம். கட்டுரை எழுதிய தம்பியையும் அனுப்பி வையுங்கள். சுத்தியல், சல்லடை, இட்லி வடகறி எல்லாம் இருக்கிறது. தொப்பி மட்டும் அவர் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
பழைய காயில் கடைக்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.